அம்பிளிபயர் கேட்ட கேள்வி

கொழும்புத்துறை
08.03.2025

மகா கனம் பொருந்திய கலாநிதி மதுரா அவர்களுக்கு, வடகரைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் விரிவுரையாளரும், ஆன்மிக விழுமிய நிகழ்ச்சித்திட்டத்தின் இணைப்பாளரும், போன புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் என்ரை மருமகளாயும் இருந்தவருக்கு, அவரின்ரை தாயின்ரை ஒரே தம்பியும் நமசிவாயம் ஒலிபெருக்கிச் சேவையின் ஏக சக்கரவர்த்தியுமாகிய நமசிவாயம் எழுதிக்கொள்வது.

நீ என்ரை நம்பரைத் தடுத்துப்போட்டாய். வட்சப்பிலை உன்ரை படம் இருந்த இடத்திலை இப்ப ஒரு சாம்பல் மண்டை தெரியுது. நல்லது. தபால் திணைக்களத்தை உன்னாலை தடுக்கேலாது. அதாலை பேனை எடுத்தன்.

மருமகளே, இப்ப நான் சொல்லப்போற கதையை நீ நம்பமாட்டாய். நீ மாத்திரமில்லை, ஈரேழு உலகத்திலும் ஒருத்தரும் நம்பமாட்டினம் எண்டு முன்கூட்டியே சத்தியம் பண்ணித் தாறன். அயலிலை இருக்கிற சிமியோனுக்குச் சொன்னன், கையிலை இருந்த சீட்டைக் கவிட்டு வைச்சிட்டு எழும்பிப் போட்டான். கொம்மாவுக்குச் சொன்னன், "தம்பி, பிறசர் குளிசை ஒழுங்காப் போடுறியோ?" எண்டு கேட்டா. எண்டாலும் சரித்திரத்துக்கு ஒரு சாட்சி வேணும்.

அண்டைக்கு உன்ரை கம்பஸ் மண்டபத்திலை, உன்ரை மௌன அறைக்குத் திறப்பு விழா. மேடைக்குப் பின்னாலை "மௌனமும் மாணவரும்" எண்டு கப்பல் பாய் அளவிலை ஒரு பனர். நிகழ்ச்சி நிரலின்ரை கடைசி வரியிலை, அச்சுக்காரன் பாவம் பாத்து விட்ட இடத்திலை, "மௌன அமர்வு, ஐந்து நிமிடம்" எண்டு கிடந்தது. அதுக்கு முன்னாலை கிடந்ததெல்லாம் பேச்சு. விளக்குக்கு முகம் அஞ்சு. ஏத்த வந்த பெரியவை ஒரு பஸ் நிறைய. கடைசியாய் வந்தவர் ஏற்கனவே எரிஞ்ச திரியை ஊதி நூத்துப்போட்டுத் திருப்பி ஏத்தினார். பிறகு ஆசியுரை. பாதர் வரேல்லை எண்டு அவரின்ரை இடத்துக்கு இன்னொரு பேராசிரியர் ஏறி, பாதருக்கும் சேர்த்துக் கதைச்சார். மௌனத்தின்ரை மகிமையை ஒருத்தர் முழங்கினார். இன்னொருத்தர் கர்ச்சித்தார். மூண்டாமவர் மௌனத்தைப் பற்றிப் பாடியே போட்டார். உங்கடை குழுத் தலைவரின்ரை தோளிலை விழுந்த பொன்னாடையளை அடுக்கினால் மனிசன் தை மாதம் கனடாவிலை இறங்கலாம், குளிராது.

என்ரை அம்பிளிபயர் எழுபத்தெட்டாம் ஆண்டு பிறந்தது. வல்வெட்டித்துறை இந்திரவிழாவிலை விடிய விடியப் பாடினது. ஷெல் விழுந்து மூடி நெளிஞ்சும் இருமினதில்லை. அப்பேர்ப்பட்டது, தலைவர் "இறுதியாக" எண்டு மூண்டாந்தரம் சொன்னபோது, உள்ளுக்குச் சிவந்து, நடுங்கி, மனிசக் குரலிலை, மெல்லமாய் என்னைக் கேட்டுது: "மாமா, உது எப்ப முடியும்?"

நான் மறுமொழி சொல்ல முன்னம், கொழும்புத்துறையிலையிருந்து என்னைப் பின்தொடர்ந்து வந்த ஒரு உடும்பு மேசைக்குக் கீழாலை பாய்ஞ்சு பிளக்கைக் கவ்விப் பிடுங்கிக்கொண்டு ஓடிச்சுது. நாகபட்டினம் போற கப்பலிலை அது ஏறினதைக் காங்கேசன்துறையிலை கண்டவை இருக்கினம். ரிக்கற் எடுத்ததாம்.

பிளக்கிலை என்ரை கை இருந்ததைக் கண்டதாய் நீ கொம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாய். ஓம், இருந்தது. உடும்பைப் பிடிக்கத்தான்.

இப்படிக்கு,
அபாண்டம் சுமக்கும் மாமன்,
நமசிவாயம்


விரிவுரையாளர் விடுதி
காங்கேசன்துறை
12.03.2025

மாமா,

உங்களை மாமா என்று கூப்பிட நான் ஒருத்தி போதும். அம்பிளிபயரும் கூப்பிடத் தேவையில்லை.

உங்கள் கையைக் கண்டேன். உடும்பைக் காணவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டு நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பையும் கண்டேன். சின்ன வயதில் என் பிறந்தநாள் கேக்கில் பாதியைத் தின்றுவிட்டு நின்றதும் இதே நிற்புத்தான்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரியுமா? மைக் போன பிறகு தலைவர் தொண்டை கிழியக் கத்தினார், மாணவர்கள் சிரித்தார்கள், ஒருவன் அதைப் படம் பிடித்தான். மௌன அமர்வு நடக்கவேயில்லை. அடுத்த நாள் நிகழ்ச்சித்திட்டக் குழுக் கூட்டத்தில் "ஒலிபெருக்கிக்காரரின் மருமகள்" என்று மட்டும்தான் என்னைக் குறிப்பிட்டார்கள். அறையைப் பூட்டித் திறப்பை வாங்கிக்கொண்டார்கள்.

அந்த அறையை நீங்கள் பார்க்கவில்லை. எங்கள் துறையின் பழைய வரைபட அறை அது. உலகப் படங்கள் சுருட்டிக் கிடந்த அலுமாரிகளை நானும் மாணவர்களும் சுவரோடு தள்ளி, சுண்ணாம்பு அடித்து, பாய் விரித்தோம். ஒரு மண்பானையில் தண்ணீர். வேப்பமரம் தெரிகிற யன்னல். வேறொன்றும் இல்லை. மதச்சார்பற்ற பல்கலைக்கழகத்தில் ஆன்மிகத்துக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு ஒரு வருஷம் பதில் சொன்னேன். எங்கள் சமயத்துப் படம் எந்த உயரத்தில் மாட்டப்படும் என்று கேட்டவர்களுக்கு அடுத்த வருஷம். படமே வேண்டாம் என்று சொல்லித்தான் தப்பினேன்.

அறைக்கு ஒரேயொரு விதி வைத்திருந்தேன். உள்ளே ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்கக்கூடாது. பெயரென்ன, ஊரென்ன, எங்கே உன் சப்பாத்து, ஏன் தலையை இப்படி இழுத்தாய், ஒன்றும். வெளியே புதுப் பிள்ளைகளை வாகை மரத்தடியில் வெயிலில் நிறுத்தி இதையெல்லாம் கேட்டுத்தான் பகிடிவதை செய்கிறார்கள். அவர்கள் விரும்பினால் கும்பிடட்டும், செபிக்கட்டும், தொழட்டும், சும்மா இருந்து மூச்சு விடட்டும். வளாகத்தில் மூச்சு விட ஒரு இடம். அவ்வளவுதான் என் நிகழ்ச்சித்திட்டம்.

உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், யசிந்தா, முதலாம் வருஷம். "அறை எப்ப மிஸ் திறக்கும்?" என்று கிழமை தவறாமல் கேட்டவள். விழாவுக்கு அடுத்த நாளே அறை பூட்டப்பட்டது. விழாவுக்குப் பிறகு அவள் வளாகத்துக்கு வரவில்லை. வரவு குறைந்தால் சோதினை எழுத விடமாட்டார்கள். எழுதாவிட்டால் அவளுடைய இடம் போய்விடும். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வந்த முதல் பிள்ளை அவள்.

அதற்கும் உங்கள் உடும்புதான் பொறுப்பு.

பதில் எழுத வேண்டாம்.

மதுரா


கொழும்புத்துறை
15.03.2025

பதில் எழுத வேண்டாம் எண்ட மருமகளுக்கு,

இது பதில் இல்லை, முறைப்பாடு. முறைப்பாட்டை ஏற்க மறுக்கிற அதிகாரம் இணைப்பாளருக்கு இல்லை எண்டு நினைக்கிறன்.

நீ எழுதின யசிந்தா வேறை ஆருமில்லை, சிமியோனின்ரை மகள். எங்கடை வளவிலையிருந்து மூண்டு வேலி தள்ளி. சிமியோன் களப்பிலை நண்டு வலை போடுறவன். முன்னூற்றுநாலு சீட்டு விளையாட்டிலை நாப்பது வருஷமாய் எனக்குத் தோத்துவாற பரம எதிரி. உன்ரை கடிதம் கண்ட உடனை போனன். வலையைப் பிரிச்சுக்கொண்டிருந்தவன், தலை நிமிரேல்லை.

"சிமியோன், பெட்டை ஏன் கம்பஸ் போகேல்லை?"

"ஏன், உடும்பு கேட்டுவரச் சொன்னதோ?"

"பகிடி விடாதை. மருமகள் கேக்கிறாள்."

"நமசியண்ணை, நான் படிக்கத்தான் அனுப்பினனான். தட்டுப் பிடிக்க அனுப்பேல்லை. தட்டுப் பிடிக்கிறதெண்டால் எங்கடை கோயில் திருநாளுக்கு இஞ்சையே பிடிக்கலாம். பஸ் காசாவது மிஞ்சும்."

யசிந்தா உள்ளுக்கு இருந்தவள். கூப்பிட்டதுக்கு வெளியாலை வந்து, கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு, நாலு வசனத்திலை சொன்னாள். அந்த நாலு வசனத்தாலை எனக்கு இன்னும் காது கொதிக்குது.

உங்கடை சர்வமத சமரசக் குழு திறப்பு விழா வைச்ச நாள் என்ன நாள் தெரியுமே? விபூதிப் புதன். கத்தோலிக்கச் சனம் தவசு காலம் தொடங்கி ஒருசந்தி விரதம் பிடிக்கிற நாள். உதாலைதான் பாதர் வரேல்லை. நீங்கள் எல்லாருக்கும் ஆட்டிறைச்சி றோல்ஸ் குடுத்தனீங்கள்! பெட்டை விடியப் பூசை கண்டு, நெத்தியிலை சாம்பல் சிலுவையோடை, பச்சைத் தண்ணி வாயிலை படாமல் முதல் பஸ்ஸிலை வந்திருக்கிறாள். வாசலிலை, முதுகிலை "விழுமியத் தொண்டர்" எண்டு எழுதின மஞ்சள் சேட்டோடை நிண்ட டினேஸ் எண்டவர் சொன்னாராம்: "இது மதச்சார்பற்ற வளாகம். நெத்தியைத் துடை." துடைச்சிருக்கிறாள். வடிவாய்ப் போகேல்லை எண்டு தன்ரை கைத்துண்டு லேஞ்சியையும் குடுத்தாராம். அதுக்குப் பிறகு அவளின்ரை கையிலை ஒரு தட்டைக் குடுத்து, விழா முடியும்வரைக்கும் அசையாமல் நிக்கச் சொன்னாராம்.

தட்டிலை என்ன? பன்னீர், கற்கண்டு, சந்தனம். சந்தனம்! வாறவையின்ரை நெத்தியிலை வைக்க!

அவள் தட்டோடை நிண்டதை நானும் கண்டனான். ஆனால் அந்தத் தட்டு ஆருக்கும் தெரிஞ்ச தட்டு இல்லை. தேரிலும் பாரம், வடம் பிடிக்க ஊர் வேணும். அவளின்ரை காலுக்குக் கீழை வேர் இறங்கி மண்டபத்துச் சீமெந்து வெடிச்சுப் போச்சு. வரிசையிலை நிண்ட புதுப் பெட்டையள் ஒன்பது பேர் மயங்கி விழ, ஹெலிகொப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. டினேஸ் எண்டவர் ஏழடி. பல்லு ரெண்டு வாய்க்கு வெளியாலை நிக்குது. கம்பஸ் நாயள் அவரைக் கண்டால் குரைக்கிறதை விட்டிட்டு எழும்பி நிக்குதுகள்.

உதைக் குழுவிலை வைச்சுக் கேள். உன்ரை விழுமியம் எந்த வாசலிலை துடைபட்டது எண்டு கேள்.

இப்படிக்கு,
காது கொதிக்கும் மாமன்


காங்கேசன்துறை
18.03.2025

மாமா,

டினேஸ் ஐந்தடி மூன்று அங்குலம். பல்லெல்லாம் வாய்க்குள்ளேதான் இருக்கிறது. ஹெலிகொப்டர் வரவில்லை. மண்டபத்துச் சீமெந்து இன்றைக்குக் காலையும் வெடிப்பில்லாமல் இருந்தது, போய்ப் பார்த்தேன்.

அப்படியானால் லேஞ்சி மட்டும் எப்படி உண்மையாகும்?

உங்களுக்கு விளங்குகிறதா என்று தெரியவில்லை. எனக்குக் கோபமே இதில்தான். நீங்கள் சொல்வதில் எது நடந்தது, எது உங்கள் வாய் போட்டது என்று சின்ன வயதிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அது விளையாட்டு. ஒரு மாணவன் மேல் முறைப்பாடு என்றால் விளையாட்டில்லை. அந்த அலுமாரிகளைத் தள்ளியவன் டினேஸ். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவனும் அவன்தான். நாலு சமயப் பிரார்த்தனையும் அவனுக்குப் பாடம். அவனைக் கூப்பிட்டு, "உடும்பும் கப்பலும் சொன்ன என் மாமா இதையும் சொன்னார்" என்று கேட்கவா?

குழுவின் புதிய முடிவையும் கேளுங்கள். அறைக்குப் பதிலாக, வெள்ளிக்கிழமை தோறும் கட்டாய விரிவுரை. கையெழுத்து வைக்கவேண்டும். முதல் தலைப்பு: "நல்லொழுக்கமும் நவீன யுவதியும்." யுவதிக்கு மட்டும்தான் ஒழுக்கம், வாகை மரத்தடியில் நிற்கிற இளைஞர்களுக்கு அது ஏற்கனவே நிறைய இருக்கிறதாம். நான் எழும்பி ஆட்சேபித்தேன். "மிஸ், உங்கட மாமா மைக்கை நிப்பாட்டினவர், நீங்கள் கூட்டத்தையே நிப்பாட்டப் பாக்கிறியளோ?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். என் வாயை அடைத்தது நீங்கள்தான், மாமா. நினைவில் வையுங்கள்.

இதை எழுதி உறையில் போட்ட பிறகு திரும்ப எடுத்தேன். பாதர் வரமுடியாது என்று சொன்னது பெப்ரவரிக் கூட்டத்தில். "அவருக்கு அண்டைக்குப் பூசையாம்" என்று ஒருவர் சொன்னார். புதன்கிழமையில் என்ன பூசை என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலு சமயத்துக்கும் பொதுவான நிகழ்ச்சித்திட்டத்தின் இணைப்பாளர் நான். நானும் கேட்கவில்லை. அடுத்த விடயம், சிற்றுண்டி, என்று போய்விட்டோம்.

மதுரா


கொழும்புத்துறை
20.03.2025

மதுரா,

ஹெலிகொப்டர் பொய். வேர் பொய். டினேசின்ரை உயரத்தை நான் அளக்கேல்லை.

லேஞ்சி உண்மை.

யசிந்தா திங்கட்கிழமை தொடக்கம் நண்டுக் கொம்பனிக்குப் போறாள். கோது உடைச்சுச் சதை எடுக்கிற வேலை. சிமியோன் கதைச்சு முடிச்சிட்டான். "படிச்சுக் கண்டது காணும்" எண்டு சொல்லுறான்.

என்னை நீ நம்பவேண்டாம். பெட்டையைக் கேள். இஞ்சை வீட்டை வரத் தேவையில்லை, நேரை அங்கை போ. நீலப் படலை. நாயைக் கட்டிவைக்கச் சொல்லுறன்.

மாமா


காங்கேசன்துறை
25.03.2025

மாமா,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தது உங்களுக்குத் தெரியும். வேலிக்கு மேலால் தெரிந்தது உங்கள் தலை. பப்பாசிக்காய் என்று நீங்கள் இனி எழுதினாலும் நான் நம்பமாட்டேன்.

நாய் கட்டப்படவில்லை. அதையும் சொல்லவேண்டும்.

யசிந்தா எனக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்தாள். பிறகு சொன்னாள். நீங்கள் எழுதியது போலத்தான், கூட்டாமல் குறைக்காமல். ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லவில்லைப் போலிருக்கிறது. மைக் நின்று சத்தம் எழும்பியபோது அவள் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு நடந்திருக்கிறாள். டினேஸ் பின்னாலிருந்து கத்தியிருக்கிறான்: "நாளைக்கு மரத்தடிக்கு வா. உனக்கு அங்கை விழுமியம் படிப்பிக்கிறன்." அறை பூட்டப்பட்டதற்காக அவள் வராமல் விடவில்லை, மாமா. அறை பூட்டப்பட்டதே அவளுக்குத் தெரியாது. அந்த மரத்தைத் தாண்டாமல் எந்த வகுப்புக்கும் போகமுடியாது. அதனால்தான் வராமல் நின்றாள்.

நான் என் கையால் அந்தச் சேட்டுக்குத் துணி தெரிந்தெடுத்தேன். மஞ்சள் நல்லது, தூரத்திலேயே தெரியும், புதுப் பிள்ளைகள் உதவி கேட்கலாம் என்று சொன்னவள் நான்.

இன்றைக்குக் குழுவுக்கு முன் டினேசைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. வெட்கமும் இல்லை. "ஓம் மிஸ். மதச்சார்பற்ற வளாகம், ஒரு சமயத்தின்ரை அடையாளமும் தெரியக்கூடாது எண்டு தலைவர்தானே எங்களுக்குப் பயிற்சி தந்தவர்," என்றான்.

தலைவர் தலையாட்டினார். அவருடைய நெற்றியில் காலையில் போட்ட திருநீறு மூன்று குறியும் அழியாமல் இருந்தது. நடுவில் சந்தனப் பொட்டு.

"உங்கட நெத்தியை ஆர் சேர் துடைக்கிறது?" என்று கேட்டேன்.

அறை நிசப்தமானது. இந்தத் திட்டம் தொடங்கிய பிறகு அந்தக் குழு அனுசரித்த முதல் மௌன அமர்வு அதுதான். அதன் பிறகு "இது வேறை", "அது பண்பாடு", "சின்ன விசயத்தைப் பெருப்பிக்கிறியள்" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். எங்களுடையது பண்பாடு, மற்றவனுடையது சமயம். வேண்டியபோது துடைக்கச் சொல்லலாம். எவருடைய நெற்றியையும் துடைக்காமல் இருக்கத்தானே ஒரு இடம் மதச்சார்பற்றதாக இருக்கவேண்டும் என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. மைக் இருக்கவில்லை.

என்னை இணைப்பாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். டினேஸின் விடயம் "பரிசீலனையில்". சேட்டு இன்னும் அவன் முதுகில். வெள்ளிக்கிழமை விரிவுரைகள் நடக்கும்.

ஆனால் வரைபட அறை புவியியல் துறையின் சொத்து. குழுவினுடையது அல்ல. அவர்கள் வாங்கியது முன்கதவுத் திறப்பை. வேப்பமரப் பக்கத்துக் கதவின் திறப்பு எங்கள் துறையிலேயே இருந்தது. உலகப் படங்களுக்குக் காற்றுப் பிடிக்கத் திறக்கிற கதவு என்பதால் அதை ஒருவரும் கதவாக நினைக்கவில்லை. அடுத்த கிழமைப் புதன்கிழமை காலை திறக்கிறேன். விளக்கு இல்லை. ஆசியுரை இல்லை. தட்டு இல்லை. பிரதான வாசலிலிருந்து வாகை மரத்தைத் தாண்டி அந்தக் கதவு வரைக்கும் புதுப் பிள்ளைகளோடு நானே நடப்பேன். ஒவ்வொரு நாளும் நடப்பேன். என்னை வேலையை விட்டு எடுக்கும்வரை நடக்கலாம்.

இப்படித் திறந்து நடக்கப்போவதைச் சிமியோன் ஐயாவிடம் ஞாயிற்றுக்கிழமையே சொன்னேன். "பாப்பம்" என்றார். யசிந்தா நேற்று நண்டுக் கொம்பனிக்குப் போய்விட்டாள் என்று அம்மா சொன்னா.

உங்களை நம்பாததற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீங்களும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் என்ன?

புதன்கிழமைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. வரவும் வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை.

மதுரா


கொழும்புத்துறை
03.04.2025

குழுவாலை துரத்தப்பட்டதாலை முன்னிலும் கனம் பொருந்தியவளாகிய என்ரை மருமகளுக்கு,

சாம்பல் மண்டை போய் உன்ரை முகம் திரும்பி வந்திருக்குது. எண்டாலும் ரெலிபோனிலை சொல்லாமல் எழுதுறன். வரலாற்றுச் சம்பவங்களை எழுத்திலை வைக்கிறது எங்கடை குடும்ப வழக்கம், இந்த மாதம் தொடக்கம்.

நமசிவாயம் ஒலிபெருக்கிச் சேவைக்கு, தோன்றின நாள் முதலாய், "ஒலிபெருக்கி வேண்டாம்" எண்டு வந்த முதல் அழைப்பு உன்ரைதான். சட்டம் போட்டு மாட்டலாமோ எண்டு யோசிக்கிறன்.

நேற்றுக் காலமை நண்டுக் கொம்பனி வான் ஒழுங்கை முகப்பிலை வந்து கோண் அடிச்சுது. அடிச்ச அடியிலை களப்பிலை நிண்ட வள்ளங்களெல்லாம் மறுமொழி குடுத்தது. மண்டைதீவிலை கோழியள் முட்டையிட்டிட்டுது. நீலப் படலை திறக்கேல்லை. திரும்பவும் அடிச்சான். நான் வேலிக்கரையிலை, பப்பாசி மரத்துக்குத் தண்ணி ஊத்துறது மாதிரி நிண்டன். வாளியிலை தண்ணி இருக்கேல்லை.

வான் போட்டுது. போய்க் கொஞ்சத்தாலை படலை திறந்தது. முன்னாலை சிமியோன், கலியாண வீட்டுக்குப் போடுற வெள்ளைச் சேட்டோடை. பின்னாலை யசிந்தா, புத்தகப் பையோடை. கையெல்லாம் நண்டுக் கோது கிழிச்ச காயம்.

"எங்கை சிமியோன், விடியவே?" எண்டன்.

"காங்கேசன்துறைக்கு. உன்ரை உடும்பை ஏத்திவிட."

அவ்வளவுதான். பஸ் எடுக்கப் போச்சினம். அண்டைக்கு அவன் கடலுக்குப் போகேல்லை. மரம் வரைக்கும் தானும் நடந்தவனாம், உனக்குப் பக்கத்திலை. மஞ்சள் சேட்டுக்காரர் மூண்டு பேர் மரத்தடியிலை நிண்டவையாம். ஒருத்தரும் வாய் திறக்கேல்லையாம். சிமியோனின்ரை தோளை நீ பாத்திருப்பாய். அதை நான் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

பின்னேரம் வேலியடியாலை போகேக்கை பெட்டை நிண்டு கூப்பிட்டாள்.

"மாமா! அங்கை ஒருத்தரும் கதைக்கேல்லை."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும். தண்ணி குடிச்சிட்டு, பாயிலை இருந்தனான். பிறகு வகுப்புக்குப் போனனான்."

உதைக் கேக்க எனக்குச் சந்தோசம் வந்தது எண்டு நீ நினைப்பாய். கோபந்தான் வந்தது. ஒரு பிள்ளை நெத்தியிலை சாம்பலோடை படிக்கப் போக, தேப்பன் கடலை விட்டிட்டு வெள்ளைச் சேட்டுப் போடவேண்டியிருக்குது. ஒரு விரிவுரையாளர் உத்தியோகத்தைப் பணயம் வைச்சு, காத்துப் பிடிக்கிற கதவைத் திறக்கவேண்டியிருக்குது. அந்தத் தலைவர் வெள்ளிக்கிழமை ஏறி நிண்டு ஒழுக்கம் படிப்பிக்கிறார். அவருக்கு ஒலிபெருக்கி வேணுமெண்டு ஆள் அனுப்பினவை. என்ரை அம்பிளிபயர் துறவறம் பூண்டிட்டுது, இப்ப நிட்டையிலை இருக்குது எண்டு சொல்லி அனுப்பினன். வந்தவன் நம்பிக்கொண்டு போனான்.

குறைச்சுக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருந்தாய். சரி, ஒருக்காக் குறைக்கிறன்.

முதற்கடிதத்திலை நான் எழுதினது முழுப் பொய். உடும்பு பொய், கப்பல் பொய், ரிக்கற்றும் பொய். அம்பிளிபயர் சிவக்கவுமில்லை, நடுங்கவுமில்லை, வாய் திறக்கவுமில்லை. நல்ல சாமான் அது. இன்னும் பத்துத் தலைவரைத் தாங்கும்.

ஒரு சின்னத் துண்டு மாத்திரம் உண்மை. என்ரை மேசை வாசலடியிலை இருந்தது. தட்டோடை நிண்ட பிள்ளை, தலையைத் திருப்பாமல், மெல்லமாய்க் கேட்டவள்: "மாமா, உது எப்ப முடியும்?" அவளின்ரை பேரைச் சொன்னால் குழு அவளையும் கூப்பிட்டு விசாரிக்கும். உடும்பை விசாரிக்கேலாது.

எனக்கு மறுமொழி தெரியேல்லை. பிளக்குத்தான் கைக்குக் கிட்ட இருந்தது.

மாமா